தேயிலைச் செல்வர் மாளிகையில் ஒரு வாயூதுப் பேழை

பொட்டலங்களில் அடைத்த தேயிலையை விற்றுப் பெருந்தனம் ஈட்டிய குடும்பத்திற் பிறந்த பிரெடரிக் ஜான் ஹார்னிமன், எகிப்து, இலங்கை, பர்மா, சீனம் எனத் தேசந்தோறும் சென்று திரட்டிய அரும்பொருள்களுக்கென்று தென்லண்டனில் ஒரு மாளிகை எழுப்பி, 1901இல் அதைப் பொதுஜனங்களுக்கு அர்ப்பணித்தார். அவர் காலத்துக்குப் பின்னும் பெருகிவந்த அதன் வாத்தியத் தொகுதியில், சிம்போனியம் என்னும் சின்னஞ்சிறு உலோகப் பேழைக்கும் இடமுண்டு. கொழுந்து பறித்தவர்களின் வாத்தியங்களுக்கு அத்தகைய பாக்கியம் அரிதாகவே வாய்த்தது. 2014 அக்டோபர் 29இல் மண்சரிவு மூடிய, இலங்கை ஊவா மலைநாட்டு மீரியபெத்த தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயங்களில் எத்தனை தப்பு, எத்தனை தாளம் இருந்தன என்று யார் பட்டியல் எழுதி வைத்தார்கள்?

சிம்போனியத்தை ஆக்கியவர் சார்லஸ் வீட்ஸ்டன். மின்தந்தியாலும், தாம் கண்டுபிடிக்காத ஒரு 'பாலத்தாலும்' (வீட்ஸ்டன் பாலம் உண்மையில் கிறிஸ்டி என்பவருடையது) மாணவர் அறிந்த அப்பௌதிகர், வாத்திய வியாபாரக் குடும்பத்தவராதலால், 1829இல் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். மவுத்தார்கனில் உதடு நகர்ந்து நகர்ந்து துளையைத் தேடவேண்டும். இதிலோ ஒரே துவாரத்தில் ஊதியபடி, இருமருங்கிலுமுள்ள பொத்தான்களை விரலால் அழுத்த, அழுத்திய பொத்தானுக்குரிய வழி திறந்து அதன் நாக்கு மட்டும் ஒலிக்கும். அடுத்தடுத்த ஸ்வரங்கள் இடக்கைக்கும் வலக்கைக்கும் மாறிமாறி வருமாறு அவர் வகுத்த முறையே, பின்னர் துருத்தி பூண்டு கான்சர்ட்டினா என்னும் வாத்தியமாயிற்று.

நாக்கென்பது ஒருமுனை மட்டும் பிணிக்கப்பட்ட மெல்லிய உலோகத் தகடு. மூச்சின் அழுத்தம் அதைத் தன் பிளவுக்குள் தள்ள, காற்றோட்டம் தடைப்பட, தகட்டின் மீள்சக்தி அதைத் திரும்ப எழுப்ப, வழி மறுபடி திறக்கிறது. இவ்வாறு விநாடிக்கு 440 முறை நிகழ்ந்தால், மேனாட்டார் சுருதி கூட்டும் ஸ்வரம் பிறக்கும். புல்லாங்குழலில் ஸ்வரத்தை நிர்ணயிப்பது உள்ளடங்கிய காற்று. இங்கே தகட்டின் நீளமும் கனமும் விறைப்புமே.

பாரிஸில் டெபேன் என்பவர் 1840களின் தொடக்கத்தில் சமைத்து, பிற்பாடு கல்கத்தாவில் கைத்துருத்தியாகச் சுருங்கிய ஹார்மோனியமும் இந்நாக்கின் வம்சந்தான். ஊவாத் தோட்டத்துக் கோயில்களில் பஜனைக்கு வந்தமரும் அப்பெட்டி, மழையும் பனிமூட்டமும் மாறிமாறி வரும் சீதளத்தில் சுருதி பிசகினால் சரிசெய்ய வழியுண்டு: நாக்கின் நுனியைச் சுரண்டினால் பாரம் குறைந்து ஸ்வரம் ஏறும். அடியைச் சுரண்டினால் விறைப்புத் தளர்ந்து இறங்கும். சுரண்டியதை மீள ஒட்ட வகையில்லையாதலால், அனுபவசாலி அரத்தைத் தொடுமுன் தூசியைத் துடைத்து ஒருமுறை வாசித்துப் பார்ப்பார்.