வெயிலுக்குக் கணக்குப் போட்டவர்கள்

கத்தாரில் ஜூலை மாதப் பகலில் வெயில் 45 டிகிரியைத் தொடுவது வழக்கம்தான். 2022 உலகக் கோப்பைக் கால்பந்தை நடத்தும் உரிமை 2010 டிசம்பர் 2 அன்று அந்த நாட்டுக்குக் கிடைத்தபோது, உலகம் முழுக்க எழுந்த கேள்வி ஒன்றுதான்: அந்த அனலில் எப்படி ஓடுவார்கள், எப்படி உட்கார்ந்து பார்ப்பார்கள்? ஸ்டேடியத்தையே குளிரவைக்கிறோம் என்றது கத்தார். மேலே வானம் தெரியும் கட்டடத்துக்கு ஏசி போட முடியுமா என்று சந்தேகப்பட்டவர்கள் நிறைய. போட்டுக் காட்டினார்கள்.

அந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் கத்தார் பல்கலைக்கழகப் பேராசிரியர் சவுத் அப்துல் கனி. கட்டடம் முழுவதையும் குளிரூட்டினால் மின்சாரம் கட்டுப்படியாகாது. ஆள் இருக்கும் உயரத்துக்கு மட்டும் குளிர்ந்தால் போதும் என்பது அவருடைய கணக்கு. புல்தரையில் ஆட்டக்காரர் நிற்கும் உயரம், கேலரியில் ரசிகர் உட்கார்ந்திருக்கும் உயரம், அவ்வளவுதான். இருக்கைகளுக்கு அடியில் சிறு துளைகள், மைதானத்தின் ஓரத்தில் பெரிய குழாய்வாய்கள். அவற்றின் வழியே குளிர்காற்று மெதுவாக வரும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால், தொட்டியில் தண்ணீர் நிற்பதுபோல அது கிண்ண வடிவக் கட்டடத்துக்குள் தங்கிவிடும். சூடேறத் தொடங்கியதும் அதே காற்றை உறிஞ்சி, வடிகட்டி, மறுபடி குளிரவைத்து அனுப்புவார்கள். குளிரவைக்கும் தண்ணீர், தள்ளி இருக்கும் நிலையத்திலிருந்து குழாயில் வரும்.

இது பலிக்க வேண்டுமென்றால், வெளியிலிருந்து அடிக்கும் பாலைவனக் காற்று உள்ளே இறங்கக் கூடாது. அதனால் கூரை எவ்வளவு நீள வேண்டும், எந்தக் கோணத்தில் வளைய வேண்டும் என்பதைக் கட்டடக்கலைஞரின் ரசனை மட்டும் முடிவு செய்யவில்லை. மாதிரி செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கணினியில் காற்றை ஓடவிட்டும் பார்த்தார்கள். ஜஹா ஹதீதின் நிறுவனம் வடிவமைத்த அல் ஜனூப் ஸ்டேடியத்தைப் பாய்மரப் படகோடும், அல் பைத் ஸ்டேடியத்தைப் பாலைவனக் கூடாரத்தோடும் ஒப்பிட்டு, படம் எடுத்து மகிழ்ந்தோம். அந்த அழகான வளைவுகளுக்குள் வெப்பத்தைத் தடுக்கும் கணக்கும் இருந்தது.

புல்லுக்கும் தனிக் கவனிப்பு உண்டு. கூரை நீண்டால் நிழல் விழும், நிழலில் புல் வெளிறும். அதனால் சக்கரம் வைத்த விளக்குகளை மைதானத்தில் உருட்டிவந்து செயற்கை வெளிச்சம் கொடுத்தார்கள். கடல்நீரிலிருந்து உப்பு நீக்கிய தண்ணீர் குளிர்காலத்தில் ஒரு மைதானத்துக்கு நாளொன்றுக்கு 10,000 லிட்டர், கோடையில் 50,000 லிட்டர் வரை தேவைப்பட்டது.

எட்டு ஸ்டேடியங்களில் ஏழுக்கு ஏசி. எட்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தோஹா கடற்கரையில், ஃபென்விக் இரிபாரென் என்ற ஸ்பெயின் நிறுவனம் வடிவமைத்த ஸ்டேடியம் 974. எஃகுச் சட்டம் நிறுத்தி, அதில் கப்பல் கன்டெய்னர்களைச் செருகிக் கட்டியது. கழிப்பறை, கடை எல்லாம் கன்டெய்னருக்குள்ளேயே. எண்ணிக்கை 974; கத்தாரின் தொலைபேசிக் குறியீடும் அதுவே. பெட்டிகளுக்கு இடையில் விட்ட இடைவெளி வழியாகக் கடல்காற்று உள்ளே வரும் என்பதால், ஏசி வேண்டாம் என்று விட்டார்கள். 40,000 பேருக்கு மேல் உட்காரலாம். போர்ச்சுகலுக்காக ரொனால்டோ கானாவுக்கு எதிராகக் கோல் போட்டு, ஐந்து உலகக் கோப்பைகளில் கோல் அடித்த முதல் ஆண் வீரர் ஆனது இங்கேதான். போட்டி முடிந்ததும் பிரித்து எடுத்துவிடுவோம் என்று அறிவித்திருந்தார்கள். ஆனால் 2024 டிசம்பரிலும் அங்கே ஃபிஃபா ஆட்டங்கள் நடந்தன. பிரிக்கத் தெரிந்த கட்டடத்தைச் சொன்னபடி பிரித்து, வேறொரு ஊருக்குக் கொடுத்திருந்தால் அந்த வடிவமைப்பு முழுமை பெற்றிருக்கும்.

2015இல் ஃபிஃபா போட்டியை நவம்பர், டிசம்பருக்குத் தள்ளிவைத்தது. கோடையில் ஆடுவது ஆட்டக்காரருக்கும் ரசிகருக்கும் ஆபத்து என்று முடிவானது. ஆனால் கட்டுமானம் தள்ளிப்போகவில்லை. அஸ்திவாரம் தோண்டியது, கம்பி கட்டியது, கூரை ஏற்றியது எல்லாம் கோடையிலும் நடந்தன. செய்தவர்கள் நேபாளம், வங்கதேசம், இந்தியா, இலங்கை போன்ற நாடுகளிலிருந்து போனவர்கள். ராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் வளைகுடாவிலிருந்து வரும் சம்பளத்தில் அடுப்பெரியும் வீடுகள் எத்தனை என்று நமக்குத் தெரியும்.

அவர்களுக்கான கணக்கு மிகத் தாமதமாகத்தான் வந்தது. அதுவரை இருந்த 2007ஆம் ஆண்டு விதிப்படி, ஜூன் 15 முதல் ஆகஸ்ட் 31 வரை காலை 11.30 முதல் மாலை 3 மணி வரை மட்டும் திறந்தவெளி வேலை கூடாது. மற்ற நேரங்களில், மற்ற மாதங்களில் எவ்வளவு சூடானாலும் வேலை வேலைதான். 2019இல் 'கார்டியாலஜி' மருத்துவ இதழில் வந்த ஆய்வு, 2009 முதல் 2017 வரை கத்தாரில் இதயக் கோளாறால் இறந்ததாகப் பதிவான 571 நேபாளத் தொழிலாளர்களை எடுத்துக்கொண்டது. வெப்பத்திலிருந்து முறையாகப் பாதுகாத்திருந்தால் அவர்களில் 200 பேர் வரை பிழைத்திருக்கக்கூடும் என்றது. எல்லோரும் ஸ்டேடியத்தில் வேலை பார்த்தவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லோரும் அதே வெயில் நாட்டில் உழைத்தவர்கள்.

ஸ்டேடியங்களில் வேலை தொடர்பாக இறந்தவர்கள் 3 பேர், வேலைக்குத் தொடர்பில்லாமல் 37 பேர் என்றது அமைப்புக் குழு. அதே குழுவின் பொதுச் செயலாளர் ஹசன் அல் தவாதி, போட்டிக்காக நடந்த எல்லா வேலைகளையும் சேர்த்தால் 400 முதல் 500 பேர் வரை இருக்கும் என்று 2022 நவம்பரில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். இருக்கைக்கு அடியில் வரும் காற்றின் வேகத்தைத் துல்லியமாக அளந்த ஒரு நாட்டில், இறந்தவர்களின் எண்ணிக்கை மட்டும் இத்தனை தொளதொளவென்று இருந்தது மனதை அறுக்கிறது.

2021 மே மாதம் விதி மாறியது. தடை ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை நீண்டது. நேரம் காலை 10 முதல் மாலை 3.30 வரை ஆனது. இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. சூடு, ஈரப்பதம், வெயில், காற்று நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அளவு 32.1ஐத் தாண்டினால், மணி என்னவானாலும் வேலையை நிறுத்த வேண்டும். கடிகாரத்தை விட்டு உடம்பைக் கணக்கில் எடுத்த விதி இது. போட்டி உரிமை கிடைத்துப் பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. ஸ்டேடியங்களில் பெரும்பாலானவை அதற்குள் எழும்பிவிட்டன.

2034 உலகக் கோப்பை சவுதி அரேபியாவுக்கு. 15 ஸ்டேடியங்கள் திட்டத்தில் உள்ளன. ரியாத்தில் வரப்போகும் கிங் சல்மான் ஸ்டேடியத்தில் 92,000 பேர் உட்காரலாம் என்கிறார்கள். அங்கே உள்ள தடை, ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 முதல் 3 மணி வரை, நாளும் நேரமும் பார்த்துப் போட்டது. கத்தாரின் 32.1 விதியை முதல் கடப்பாரை விழும் முன்பே ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் எழுதிவைக்கச் சொல்லி ஃபிஃபா கேட்க வேண்டும். தொழிலாளர்களை அனுப்பும் இந்தியாவும் இலங்கையும் கேட்க வேண்டும். கேட்பதற்கு இதைவிட நல்ல நேரம் இனி வராது, ஏனென்றால் பல வரைபடங்கள் இன்னும் காகிதத்தில்தான் இருக்கின்றன.