நட்டில் ஆட்டம்

30 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டம், பிளைவுட்டில். அவ்வளவுதான் வெட்டச் சொல்லியிருந்தேன். வந்ததைக் கையில் எடுத்து ஓரத்தை விரலால் தடவினால் நான்கு இடங்களில் நெருடியது. கடிகார முகப்பாக நினைத்துக்கொண்டால் 12, 3, 6, 9 இருக்கும் இடங்கள். வெர்னியரில் விட்டம் 29.88.

வீட்டு மேசையிலேயே அடங்கிவிடும் சின்ன சிஎன்சி இயந்திரம் இது. அளவு குறைந்தால் என்னைப் போன்ற அரைகுறைகள் முதலில் கை வைப்பது ஓர் எண்ணில். என் இயந்திரத்தில் அது 800. ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 அடிகளாக எடுத்து வைக்கும், அடிக்கு 1.8 டிகிரி. டிரைவர் சர்க்யூட் அந்த ஒவ்வோர் அடியையும் 16 ஆக நறுக்குகிறது. ஆக, துண்டுக்கு ஒரு துடிப்பு என்று சுற்றுக்கு 3,200. மோட்டாரோடு சேர்ந்து சுழலும் மரைத்தண்டு ஒரு சுற்றுக்கு மேசையை 4 மி.மீ. நகர்த்தும். வகுத்தால் மில்லிமீட்டருக்கு 800 துடிப்பு.

30ஐ 29.88ஆல் வகுத்து 800ஆல் பெருக்கினேன். 803.2 வந்தது. இரண்டு அச்சுக்கும் அதையே போட்டதும் அடுத்த வட்டம் சரியாக 30. மறுநாள் 200 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளை போட்டேன். அளந்தால் 200.8.

தெருமுனை லேத் பட்டறைப் பெரியவரிடம் போய் நின்றேன். “நம்பரை எதுக்குத் தம்பி நோண்டுனீங்க? நட்டுல ஆட்டம் இருக்கான்னு பார்த்தீங்களா?” என்றார். மேக்னடிக் ஸ்டாண்டோடு ஒரு டயல் கேஜையும் எடுத்துக் கொடுத்தார்.

எண்ணை 800க்கே திருப்பினேன். கேஜின் முனை மேசையைத் தொடும்படி வைத்து, மேசையை ஒரு பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி, முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினேன். பிறகு எதிர்ப்பக்கம், ஒவ்வொரு முறையும் 0.01 மி.மீ. மட்டும். மோட்டார் ‘டிக்’ என்றது, முள் அசையவில்லை. இன்னொரு டிக். ஊஹூம். பன்னிரண்டு டிக் வரை முள் தூங்கியது, பதின்மூன்றாவதில்தான் எழுந்தது.

தண்டின் மரைக்கும் மேசையோடு இணைந்த நட்டுக்கும் நடுவில் இருந்த வெற்றிடம் அந்த 0.12 மி.மீ. திசை மாறும்போதெல்லாம் தண்டு அதைக் கடந்த பிறகுதான் மேசையைத் தள்ளத் தொடங்கும். வட்டம் வெட்டுகையில் ஒரு அச்சு 3 மணியிலும் 9 மணியிலும் திசை திரும்புகிறது. மற்றது 12இலும் 6இலும். விரலில் நெருடியது இதுதான்.

30 மி.மீ. போனாலும் 300 போனாலும் ஆட்டம் அதே 0.12தான். எண்ணில் இருக்கும் பிழையோ தூரத்தோடு வளரும். ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குக் கொடுத்துவிட்டு, ஒரு சின்ன வட்டத்தை அளந்து பார்த்துத் திருப்திப்பட்டால் துளைகள் 0.8 தள்ளிப் போகாமல் என்ன செய்யும்?

எனக்குப் பிடித்த பிழை இன்னொன்று உண்டு. சுமை தாங்காமல் மோட்டார் அடி தவறும்போது ஒன்றிரண்டு அடியோடு நிற்பதில்லை. காந்தங்கள் மறுபடி பொருந்தும் அடுத்த இடத்தில், அதாவது 4 முழு அடி தள்ளித்தான் ரோட்டார் போய் உட்காரும். என் தண்டில் அது 0.08 மி.மீ. வேலை முடிந்து பூஜ்யத்துக்குத் திரும்பிய மேசை 0.08, 0.16, 0.24 என்று தள்ளி நின்றால் நட்டைத் திட்டாதீர்கள். வேகத்தையோ, வெட்டும் ஆழத்தையோ, டிரைவரின் கரண்டையோ பாருங்கள்.

இதற்கெல்லாம் சுழற்சியை எண்ணும் என்கோடர் ஒன்றே போதும் என்றும் ஒரு கட்டத்தில் நம்பினேன். 600 கோடு போட்ட வட்டத்தகடு. அதன் முன்னால் இரண்டு ஒளிக்கண்கள், ஒன்றுக்கொன்று கால் கோடு தள்ளி. திண்ணையில் ஒருவர், கூடத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால், யார் முதலில் பார்த்தார் என்பதை வைத்தே ஆள் உள்ளே வந்தாரா வெளியே போனாரா என்று சொல்லிவிடலாம் அல்லவா? திசை தெரிவது அப்படித்தான். கோட்டுக்கு நான்கு மாற்றம், சுற்றுக்கு 2,400. கணக்குப்படி ஒரு எண்ணிக்கைக்கு 1.7 மைக்ரான்கூட இல்லை.

மோட்டாரின் பின்பக்கத் தண்டில் மாட்டினேன். தண்டில் மார்க்கர் கோடு ஒன்று போட்டு 100 சுற்று ஓட்டினால் 2,40,000 வர வேண்டும். வெட்டும் மோட்டார் ஓடாதபோது வந்தது. அது ஓடும்போது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண். இரண்டு ஒயர்களும் ஒரே பைப்பில் போய்க்கொண்டிருந்தன. என்கோடருக்கு ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து, தனி வழியாகக் கொண்டுபோன பிறகு எண்ணிக்கை நிலைத்தது.

பிறகு அதே டிக் சோதனை. முள் தூங்கிய பன்னிரண்டு முறையும் என்கோடர் “நகர்ந்தேன்” என்றே சொன்னது. பொய் சொல்லவில்லை, மோட்டார் நகர்ந்ததுதானே! நட்டுக்கு முன்னால் இருப்பதைத்தான் அதனால் பார்க்க முடியும். அடி தவறினால் கையும் களவுமாகப் பிடித்துவிடும், ஆட்டம் அதன் கண்ணுக்கே தெரியாது. நுணுக்கமான தொழிற்சாலை இயந்திரங்களில் மேசையோரமாகவே கண்ணாடி அளவுகோலைப் பொருத்துவது இதனால்தான்.

கடைசியில் பழைய நட்டோடு ஸ்பிரிங் வைத்து இன்னொரு நட்டைச் சேர்த்தேன். ஸ்பிரிங் இரண்டையும் எதிரெதிராகத் தள்ளி மரையோடு ஒட்டவைக்கிறது. இப்போது இரண்டே டிக்கில் முள் எழுந்துவிடுகிறது.

டயல் கேஜைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, “இப்ப நம்பர் என்ன வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார் பெரியவர்.

“எண்ணூறுதாங்க.”