உப்பு வெளியேறினால் காடு தானே வரும்

கடல் மட்டம் ஏறுகிறது, புயல்கள் வலுக்கின்றன. தமிழ்நாட்டின் 14 கடலோர மாவட்டங்களுக்கும் இனி இதுதான் நிலவரம். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், டெல்டாவின் தென்னந்தோப்புகளோடு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் முறித்துப்போட்டது. ஆனாலும் அலையின் வேகத்தைத் தணிக்க அலையாத்தியைப் போல் வேறொரு அரண் நமக்கில்லை. 2004 ஆழிப்பேரலையில், பிச்சாவரம் காட்டை ஒட்டி உள்ளே இருந்த ஊர்களில் சேதம் குறைந்ததற்கு அந்த மரங்களும் ஒரு காரணம்.

அந்தக் காட்டையே ஒருகாலத்தில் நாம் பாழாக்கினோம். வெள்ளையர் ஆட்சியில் தொடங்கி 1970கள் வரை, கூறு கூறாகப் பிரித்து மொட்டையாக வெட்டினார்கள். வெயில் பட்ட சேறு காய்ந்து, தாம்பாளம்போல் நடுவில் அமிழ்ந்தது. ஏற்றத்தில் புகுந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றித் தேங்கியது. நீர் ஆவியாக, உப்பு தங்கியது. அந்த மண்ணில் எந்த விதையும் பிழைக்கவில்லை.

வழி கண்டது 1990களில். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து, நடுவே ஒரு பெரிய வாய்க்காலும், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களுமாக மீன்முள் வடிவில் வெட்டினார்கள். ஓதம் வந்து போகப் போக, தேங்கிய உப்பு கழுவப்பட்டது. கரையோரம் நட்ட வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரம் வேர்பிடித்தது.

இதில் அரசு கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. வாய்க்கால் சேற்றால் தூர்ந்துபோகும். தூர்வாராமல் விட்டால் உப்பு மறுபடி தங்கும்; வளர்ந்த மரமும் பட்டுப்போகும். கன்று நடும் விழாவுக்குக் கிடைக்கும் பணமும் கவனமும் பராமரிப்புக்கும் கிடைத்தாக வேண்டும்.

கடற்கரையை மீட்க ரூ.2,000 கோடியில் நெய்தல் மீட்சி இயக்கத்தை 2023-24 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. நல்ல முடிவு. அந்தப் பணத்தில் தூர்வாரும் செலவுக்கு ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடு வேண்டும். அந்த வேலையை, காட்டு ஓடைகளில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களிடமே கூலியோடு ஒப்படைக்க வேண்டும். ஓடை எங்கே அடைகிறது என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். காவிரியின் கடைமடை ஆறுகளில் நன்னீர் கடல்வரை போய்ச் சேரவும் வேண்டும். நன்னீர் கலக்காத கழிமுகத்தில் அலையாத்தி செழிக்காது.

எத்தனை லட்சம் கன்று நட்டோம் என்று கேட்பதை விடுவோம். ஐந்தாண்டு கழித்து எத்தனை நிற்கின்றன என்று சட்டமன்றத்தில் கேட்போம்.