எதிரி முகாமுக்குப் போன பயிற்சியாளர்!

5 கோல்! பதிலுக்கு ஒரு கோல்கூட இல்லை!

கல்கத்தாவின் இரு பெரும் கால்பந்து கிளப்புகள் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும். இரண்டுக்கும் தீராத பகை. 1975-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந்தேதி ஐ.எப்.ஏ. கேடய இறுதிப் போட்டியில் மோகன் பகான் இப்படித் தோற்றது.

படகில் ஒளிந்தனர்

மோகன் பகான் ரசிகர்கள் கொதித்து எழுந்தார்கள். அவர்களுக்குப் பயந்து வீரர்கள் சிலர் கங்கையில் ஒரு படகில் இரவைக் கழித்தார்கள்!

ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளர் பி.கே.பானர்ஜி. 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் தலைவராக ஆடியவர்.

மோகன் பகான் என்ன செய்தது தெரியுமா? தன்னைத் தோற்கடித்தவரையே அழைத்துக்கொண்டது! 1976-ல் பானர்ஜி அங்கே போய்ச் சேர்ந்தார்.

பட்டம் பறிபோனது

1970 முதல் தொடர்ந்து 6 ஆண்டுகள் கல்கத்தா லீக் பட்டம் ஈஸ்ட் பெங்காலிடம் இருந்தது. 1976-ல் அது மோகன் பகானுக்குப் போயிற்று. 1977-ல் ஐ.எப்.ஏ. கேடயம், டூரண்ட் கோப்பை, ரோவர்ஸ் கோப்பை மூன்றும் மோகன் பகானுக்கே!

மீண்டும் வந்தார்

1997 ஜூலை 13-ந்தேதி. சால்ட் லேக் மைதானத்தில் பெடரேஷன் கோப்பை அரை இறுதி. சுமார் 1 லட்சத்து 31 ஆயிரம் பேர் திரண்டார்கள். ஈஸ்ட் பெங்கால் 4–1 என்று மோகன் பகானை வென்றது. பைச்சுங் பூட்டியா 3 கோல் போட்டார். ஈஸ்ட் பெங்கால் பயிற்சியாளர் யார்? அதே பானர்ஜிதான்!

ரசிகருக்குக் கிளப் பிறந்த வீடு. அதை மாற்ற முடியாது. பயிற்சியாளருக்கோ அது வேலை பார்க்கும் இடம். போகிறவரை ஏசி என்ன பயன்? நாளைக்கே அவர் திரும்பி வரலாம்!