காரம் குறைந்த மிளகாய்த் தொக்கு: அன்றாடச் சமையலுக்கு ஒரு துணை

தறி இயங்கும் வீடாயினும் ஏர் இயங்கும் வீடாயினும், அடுப்படியில் நாள் தவறாமல் வேண்டப்படும் பொருள்களுள் மிளகாய் ஒன்று. உப்பும் புளியும் போலவே அதுவும் இன்றியமையாததாகிவிட்டது. ஆயினும் வீட்டிலுள்ள அனைவர்க்கும் ஒரே அளவுக் காரம் ஒத்துக்கொள்வதில்லை. சிறு குழந்தைகள் காரம் தாங்கார். வயிற்றுப் புண் உடையவர்களும் முதியோரும் அஞ்சி உண்பர். குழந்தைக்கு ஒரு குழம்பும் பெரியவர்க்கு ஒரு குழம்புமாக இருமுறை அடுப்பேற்றுவதற்கு, பாவு ஓட்டித் தார் சுற்றும் பெண்களுக்கோ களையெடுத்துத் திரும்பும் பெண்களுக்கோ நேரம் ஏது? ஆதலின் பலர் மிளகாயைக் குறைத்துவிடுகின்றனர். குறைத்தவுடன் காரத்தோடு மணமும் நிறமும் போய்விடுகின்றன. உணவு சப்பென்று ஆகிறது.

மணம் குன்றாமல் காரத்தை மட்டும் குறைக்க இயலுமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள். இயலும் என்பதே விடை. அதற்குரிய காரணங்களையும் செய்முறையையும் திருக்கோவிலூர் வட்டார அங்கத்தினர்க்குப் பயன்படும் வண்ணம் கீழே விளக்குவோம்.

மிளகாய் வந்த வழி

மிளகாய் நம் நாட்டுப் பயிர் அன்று. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்த பின்னர், போர்த்துக்கீசிய வணிகர் வாயிலாக 16ஆம் நூற்றாண்டில் அது இந்தியாவிற்குள் பரவியது. திருக்கோவிலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியின் மடைப்பள்ளியில் மிளகாய் இருந்திருக்க வழியில்லை. அக்காலத்தில் காரத்திற்கு உதவியவை மிளகும் திப்பிலியும் இஞ்சியுமே. மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதாலேயே புதிதாக வந்ததற்கு மிளகாய் என்னும் பெயர் அமைந்தது. வந்து ஐந்நூறு ஆண்டுகள் நிறைவதற்குள் அது மிளகைப் பின்தள்ளி நம் சமையலில் முதலிடம் பெற்றது. எளிதில் விளைதலும், வற்றலாக்கி ஆண்டு முழுவதும் வைத்திருக்கக் கூடியதாதலும், விலை மலிவும் அதற்குக் காரணங்கள்.

காரம் வேறு, நிறம் வேறு, மணம் வேறு

மிகச் சிவந்த மிளகாய் மிக உறைக்கும் என்பது பலருடைய எண்ணம். இது சரியன்று. காரத்தைத் தருவது கேப்சைசின் என்னும் பொருள். அது பெரும்பாலும் மிளகாயின் உள்ளே விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறச் சதையிலும் நரம்புகளிலும் உண்டாகிறது. விதைக்குத் தனியே காரம் மிகுதியில்லை. அச்சதையோடு ஒட்டியிருப்பதால் உறைக்கிறது. சிவப்பு நிறத்தைத் தருவது கேப்சாந்தின் முதலிய வேறு பொருள்கள். அவை தோலில் உள்ளன. மணமும் தோற்சதையைச் சார்ந்ததே. இளஞ்சூட்டில் வறுத்தாலும் எண்ணெயில் வதக்கினாலும் அது வெளிப்படும். எனவே உள்நரம்பையும் விதையையும் நீக்கித் தோலை மட்டும் பயன்படுத்தினால், நிறமும் மணமும் நிற்க, காரம் பெரிதும் குறையும். இக்கட்டுரையின் சாரம் இதுவே.

காரத்தை அளக்க 1912இல் அமெரிக்க மருந்தியலாளர் வில்பர் ஸ்கோவில் ஒரு முறை வகுத்தார். மிளகாய்ச் சாரத்தைச் சர்க்கரை நீரில் கரைத்து, சுவைப்போர்க்கு உறைப்பே தோன்றாத நிலை வரும்வரை மேலும் மேலும் நீர்க்கச் செய்வது அம்முறை. எத்தனை மடங்கு நீர்க்க வேண்டியிருந்ததோ அதுவே காரத்தின் எண். குடைமிளகாய்க்கு அந்த எண் சுழி. தூய கேப்சைசினுக்கு ஏறக்குறைய 1 கோடியே 60 இலட்சம். இக்காலத்தில் கருவிகளைக் கொண்டே அளக்கின்றனர். எனினும் அவர் பெயரால் அமைந்த அலகு நிலைத்துவிட்டது.

உறைப்பு என்பது உண்மையில் ஒரு சுவையே அன்று, சூட்டுணர்ச்சி. நாவிலும் தோலிலும் வெப்பத்தை உணரும் நரம்பு முனைகளையே கேப்சைசின் தூண்டுகிறது. இதனை 1997இல் டேவிட் ஜூலியஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர்; 2021இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இப்பொருள் நீரில் கரைவதில்லை. எண்ணெயிலும் கொழுப்பிலும் கரையும். வாய் எரியும்போது தண்ணீர் குடித்துப் பயன் காணாமல், மோரோ பாலோ குடித்து ஆறுதல் அடைகிறோம் அல்லவா? அதற்குக் காரணம் இதுவே.

எந்த மிளகாயைத் தேர்வது?

கர்நாடக மாநிலம் ஹாவேரி மாவட்டத்தில் பியாடகி என்னும் ஊரின் பெயரால் வழங்கும் மிளகாய், சுருங்கிய தோலும் ஆழ்ந்த சிவப்பும் உடையது, காரம் குறைவு. 2011இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காஷ்மீரி மிளகாய் என்று கடைகளில் விற்பதும் இத்தன்மையதே. நம் தமிழ்நாட்டில் இராமநாதபுரம் முண்டு மிளகாய், 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. குண்டாய், தடித்த தோலுடன், நல்ல மணம் உடையதாய் இருக்கும். தாளிப்பிற்கு இதனையே விரும்புவோர் மிகுதி. காரம் பியாடகியைக் காட்டிலும் கூடுதல். ஆதலின் முக்காற்பங்கு பியாடகியும் காற்பங்கு முண்டும் சேர்த்தால் நிறம், மணம், மிதமான உறைப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே அமையும். நீண்டு மெலிந்த சம்பா வற்றலையும், குண்டூர் வற்றலையும் இதற்குத் தவிர்ப்பது நன்று. அவை காரத்திற்கென்றே வாங்கப்படுபவை.

அயல்நாட்டார் அனுபவமும் இங்கே கருதத்தக்கது. ஹங்கேரி நாட்டில் செகெட் நகர் மிளகாய்த் தூளுக்குப் பெயர் பெற்றது. அங்கே 19ஆம் நூற்றாண்டிலேயே உள்நரம்பையும் விதையையும் பிரித்தெடுத்துக் காரம் குறைந்த தூளை உற்பத்தி செய்தனர். அதன் பிறகே அத்தூள் எல்லா வீடுகளுக்கும் உரியதாயிற்று. அந்நகரில் பணியாற்றிய சென்ட்கியோர்கி என்னும் விஞ்ஞானி, வைட்டமின் சி என்னும் உயிர்ச்சத்தைப் பெருமளவில் பிரித்தெடுக்கக் கைக்கொண்டதும் அவ்வூர் மிளகாய்ப் பழத்தையே. 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உழவர் விளைத்த ஒரு காய், பக்குவம் கண்ட பின்னர் எத்துணை உயர்வு பெற்றது என்பதற்கு இது சான்று.

செய்முறை

ஏறக்குறைய அரைக் கிலோ தொக்கிற்கு வேண்டிய பொருள்கள்: வற்றல் மிளகாய் 100 கிராம், புளி 75 கிராம், சின்ன வெங்காயம் 100 கிராம், பூண்டு 50 கிராம், உப்பு 30 கிராம், வெல்லம் 40 கிராம், நல்லெண்ணெய் 150 மில்லி, கடுகு ஒரு தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டி, பெருங்காயம் சிறிது. நம் பகுதியில் விளையும் நிலக்கடலையின் எண்ணெயும் ஏற்றதே. புளி கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் நல்ல புளியாக இருந்தால் மேலும் சிறப்பு.

முதலில் மிளகாயைக் காம்பு களைந்து, கத்தரிக்கோலால் நீளவாட்டில் கீறி, விதைகளை உதிர்த்து, உள்நரம்பைச் சுரண்டி எடுத்துவிடுக. எடை ஏறக்குறையப் பாதியாகக் குறையும். தோலை வெறும் வாணலியில், மிக இளந்தீயில், மணம் எழும்வரை மட்டும் புரட்டி எடுக்க வேண்டும். கருகினால் கசக்கும். பின்னர்க் கொதித்த நீர் அரை லிட்டரில் அரை மணி நேரம் ஊறவிடுக. புளியைத் தனியே ஒரு தம்ளர் வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டிக் கொள்க.

வெங்காயத்தையும் பூண்டையும் சிறிது எண்ணெயில் வதக்கி, ஊறிய மிளகாயோடு சேர்த்து மைய அரைக்கவும். அரைப்பதற்கு ஊறிய நீரையே வேண்டிய அளவு பயன்படுத்தலாம். மீதி எண்ணெயைக் காய்ச்சிக் கடுகு தாளித்துப் பெருங்காயம் இட்டு, அரைத்த விழுதையும் புளிக்கரைசலையும் உப்பையும் சேர்த்து, அடிப்பிடிக்காமல் கிளறிக் கொதிக்க விடுக. இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் நீர் வற்றி எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். அப்போது வெல்லமும் வெந்தயப் பொடியும் சேர்த்து ஐந்து நிமிடம் கழித்து இறக்கலாம்.

கைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மிளகாய் கீறும் முன் விரல்களில் எண்ணெய் தடவிக்கொள்க. முடிந்தபின் மீண்டும் எண்ணெய் தேய்த்துச் சோப்பால் கழுவுக. கண்ணைத் தொடலாகாது. நெசவாளர்கள் சிவப்பேறிய விரலால் வெண்ணூலையும் தொடலாகாது; ஒரு கறை ஒரு சேலையின் மதிப்பையே குறைத்துவிடும்.

கெடாமல் காக்கும் வழி

தொக்கைக் காப்பவை மூன்று: புளிப்பு, உப்பு, நீர் வற்றிய நிலை. இவற்றுள் புளிப்பே தலையாயது. புளிப்புப் போதாத, காற்றுப் புகாத உணவில், குறிப்பாக எண்ணெயில் அமிழ்ந்த பூண்டில், கொடிய நஞ்சை உண்டாக்கும் ஒருவகைக் கிருமி வளரக்கூடும். அது இருப்பது நாற்றத்தாலோ சுவையாலோ புலப்படாது. ஆதலின் புளியைக் குறைத்துத் தொக்குச் செய்வதும், பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைப்பதும் ஆகா. கண்ணாடிச் சாடியை வெந்நீரிலிட்டு உலர்த்தி, ஆறிய தொக்கை நிரப்பி, மேலே எண்ணெய் படியும்படி வைத்து, உலர்ந்த கரண்டியாலேயே எடுக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு வாரத்திற்குள் முடிப்பது நலம். அவ்வசதி இல்லாதோர் மூன்று நான்கு நாளைக்கு வேண்டிய அளவே செய்துகொள்ளட்டும்.

பயன்படுத்தும் விதம்

இட்லிக்கும் தோசைக்கும் தொட்டுக்கொள்ள இது ஏற்றது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இதன் சிறப்பு சமையலுக்குள் கலப்பதில்தான் இருக்கிறது. நால்வர்க்கான புளிக்குழம்பில் இரண்டு தேக்கரண்டி சேர்த்தால் மிளகாய்த் தூளே வேண்டுவதில்லை. கத்தரிக்காய், வெண்டைக்காய், உருளைக்கிழங்கு வதக்கும்போது இறுதியில் ஒரு கரண்டி சேர்க்கலாம். வயலுக்குக் கட்டிச் செல்லும் பழைய சோற்றுக்கும், சாமைச் சோற்றுக்கும், வேகவைத்த மரவள்ளிக் கிழங்குக்கும் இது நல்ல துணை. கூடுதல் காரம் விரும்புவோர் தம் தட்டில் ஒரு பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்ளலாம். குழந்தையின் தட்டு எரியாது.

பொடியா, முழு மிளகாயா?

நல்ல சிவப்பு வேண்டும் என்னும் ஆசையே கலப்படத்திற்கு வழி வகுத்தது. 2003இல் இந்தியாவிலிருந்து சென்ற மிளகாய்ப் பொருளில் சூடான் 1 என்னும் சாயம் கலந்திருப்பது பிரான்சில் கண்டுபிடிக்கப்பட்டது. அது உணவில் சேர்க்கத் தடைசெய்யப்பட்ட தொழிற்சாலைச் சாயம். 2005இல் பிரிட்டனில் அதே சாயம் கலந்த சாஸ் வகையால் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. சிலர் செய்த தவற்றினால் நேர்மையாக விளைத்தவர் பொருளும் ஐயத்திற்கு உள்ளாயிற்று.

ஒரு கண்ணாடித் தம்ளர் நீரின்மேல் மிளகாய்த் தூளைத் தூவினால், நீரில் கரையும் செயற்கைச் சாயம் உடனே கோடு கோடாகக் கீழிறங்கும். இச்சோதனை எளியது; ஆனால் சூடான் சாயம் எண்ணெயில் கரைவதாதலின் இதில் அகப்படாது. ஆகவே முழு மிளகாயை வாங்கி நாமே பக்குவம் செய்வதே பாதுகாப்பு. வாங்கும்போது பூசணம் பிடித்ததையும், நிறம் வெளுத்ததையும் ஒதுக்க வேண்டும். ஈரத்தோடு குவித்த மிளகாயில் பூஞ்சணம் வளர்ந்து அஃபிளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும்; சமைப்பதனால் அது நீங்குவதில்லை. பயிரிடுவோர் பழத்தை வெறுந்தரையில் கொட்டாமல் தார்ப்பாய் அல்லது சிமெண்டுக் களத்தில் காயவைத்து, ஈரம் நூற்றுக்குப் பத்துப் பங்கிற்கு மிகாத நிலையில் சேமிப்பது அவர்களுக்கும் ஆதாயம், உண்போர்க்கும் நலம்.

சங்கம் செய்யக் கூடியது

நிற்க. ஒரு வீட்டுக்கு ஆண்டில் வேண்டிய மிளகாய் சில கிலோவே. தனியே கடையில் வாங்கும்போது தரத்தையும் விலையையும் கேட்கும் வலிமை யாருக்கும் இல்லை. நூறு வீடுகள் சேர்ந்தால் அது மூட்டைக் கணக்காகிறது. விளையும் இடத்திலேயே பார்த்துத் தேர்ந்தெடுத்து வாங்கலாம். நம் அங்கத்தினருள் மிளகாய் பயிரிடுவோர் காரம் குறைந்த வகையைச் சிறு பரப்பில் விளைத்துப் பார்ப்பாராயின், அதனை வாங்கச் சங்கம் முன்கூட்டியே உறுதி கூறலாம். அறுவடைக் காலத்தில் எல்லாரும் ஒரே வாரத்தில் சந்தைக்குக் கொண்டுசென்று, வந்த விலைக்குத் தள்ளிவிட்டுத் திரும்பும் நிலை அதனால் ஓரளவு மாறும்.

தறி வேலை குறைந்த மாதங்களில் அங்கத்தினர் இல்லத்துப் பெண்கள் சிலர் கூடித் தொக்குச் செய்து விற்பதும் எண்ணத்தக்கதே. ஆனால் முதலிலேயே பெரிதாகத் தொடங்குதல் வேண்டா. மிளகாய், எண்ணெய், விறகு, சாடி, கூலி ஆகிய அனைத்தையும் கணக்கெழுதி அடக்கவிலை கண்ட பின்னரே விற்பனை விலை குறிக்க வேண்டும். தம் வீட்டுப் பெண்களின் உழைப்பைக் கூலியில் சேர்க்காத கணக்கு கணக்கே அன்று. விற்பனைக்குச் செய்வோர் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெறுதல் கட்டாயம். ஒவ்வொரு சாடியிலும் செய்த நாளும், கெடும் நாளும், சேர்ந்த பொருள்களும் குறிக்கப்பட வேண்டும். புளிப்பின் அளவை உணவு ஆய்வுக்கூடம் ஒன்றில் சோதித்துக்கொள்வதும் அவசியம்.

முதற்கண் நம் வீடுகளில் செய்து உண்டு பார்ப்போம். ஒரே குழம்பைக் குழந்தையும் பாட்டனும் ஒருங்கே உண்ணும் நிலை வருமாயின், அடுப்படியில் ஒருத்தியின் உழைப்பு நாளும் மிச்சமாகும். அடுத்த பொதுக்கூட்டத்திற்கு முன்னர் அங்கத்தினர்கள் தத்தம் வீட்டாருடன் கலந்து, ஆண்டுக்கு எத்தனை கிலோ மிளகாய் வேண்டும் என்பதைக் குறித்து வருவார்களாக. அந்தக் கணக்கு கைக்கு வந்தால், கூட்டாக வாங்கும் ஏற்பாட்டை அக்கூட்டத்திலேயே தொடங்கிவிடலாம்.