தேய்ந்த வெள்ளி ரூபாயை அடையாளம் காணுதல்

1835ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப்பகுதி முழுவதற்கும் ஒரே வகை ரூபாய் நாணயத்தைக் கொண்டுவந்தது. அதன் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. விட்டம் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர். அதில் 91.7 விழுக்காடு வெள்ளி, மீதி செம்பு. இந்த அளவு நூறாண்டுக்கு மேல் மாறவில்லை. அரை ரூபாயின் எடை இதில் பாதி, கால் ரூபாயின் எடை கால் பங்கு. ஆகவே எழுத்து அழிந்த நாணயம் கையில் கிடைத்தால் முதல் வேலை அதை நகைத் தராசில் நிறுப்பதுதான். நெடுங்காலம் புழங்கிய ரூபாய் சிறிது எடை குறைந்திருக்கும். ஆனால் மிகவும் குறைந்தாலோ 11.66 கிராமைத் தாண்டினாலோ போலியா என்று பார்க்க வேண்டும்.

நாணயத்தில் மேடான பகுதிகள் முதலில் தேயும். கன்னம், தலைமுடி, கிரீடத்தின் வேலைப்பாடு ஆகியவை மறைந்த பிறகும் தலையின் வெளிக்கோடு எஞ்சியிருக்கும். ஒளியைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பாய்ச்சினால் அது நிழலாகத் தெரியும். அந்த முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே பாதி விடை. பார்ப்பவருக்கு வலப்புறம் நோக்கியவர்கள் நான்காம் வில்லியமும் ஏழாம் எட்வர்டும். இருவருக்கும் கிரீடம் இல்லை. எட்வர்டுக்குத் தாடி உண்டு. இடப்புறம் நோக்கியவர்கள் விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ். விக்டோரியா 1840ஆம் ஆண்டு நாணயத்தில் கிரீடமின்றியும், 1862 முதல் கிரீடத்தோடும் இருக்கிறார். அவர் பெயரோடு 1876 வரை ராணி என்றும், 1877 முதல் பேரரசி என்றும் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டது.

பின்பக்கமும் துணை செய்யும். கம்பெனி ரூபாயிலும் எட்வர்டு, ஜார்ஜ் காலத்து ரூபாய்களிலும் மதிப்பு பாரசீக எழுத்திலும் உண்டு. 1862 முதல் 1901 வரையிலான விக்டோரியா ரூபாயில் அது இல்லை. பூவேலை வளையத்துக்குள் ஆங்கில எழுத்தும் ஆண்டும் மட்டுமே. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் கீழேயுள்ள தாமரையின் அடியில் சிறு புள்ளி இருந்தால் அது பம்பாய் நாணயச்சாலையில் அச்சானது, இல்லையெனில் கல்கத்தா. ஆண்டைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. 1840, 1862 ஆகிய ஆண்டுகள் மாற்றப்படாமல் பல்லாண்டுகள் அச்சிடப்பட்டன. எனவே அவை நாணயம் பிறந்த ஆண்டையே குறிக்கும் என்று சொல்ல முடியாது.

1940இல் வெள்ளியின் அளவு 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது, எடை மாறவில்லை. இந்த வேறுபாட்டை அடர்த்தி காட்டிக்கொடுக்கும். தராசின் மேல் வைத்த தண்ணீர்க் குவளையில், அடியைத் தொடாதபடி நாணயத்தை நூலில் தொங்கவிட வேண்டும். அப்போது கூடும் எடையால் நாணயத்தின் எடையை வகுத்தால், பழைய ரூபாய்க்கு ஏறத்தாழ 10.3, பாதி வெள்ளி ரூபாய்க்கு ஏறத்தாழ 9.5 வரும்.

விலைக்கு அடித்தளம் வெள்ளிதான். தேய்ந்து 11.2 கிராம் இருக்கும் பழைய ரூபாயில் ஏறத்தாழ 10.27 கிராம் தூய வெள்ளி உள்ளது. அதை அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் உலோக மதிப்பு கிடைக்கும். ஏராளமாக அச்சான ஆண்டுகளின் தேய்ந்த நாணயங்கள் பெரும்பாலும் இதையொட்டியே விலைபோகும். அதற்கு மேல் கிடைப்பது அருமையையும் நிலையையும் பொறுத்தது. 1939ஆம் ஆண்டு ரூபாய் அரியது. 1911ஆம் ஆண்டு ரூபாயில் மன்னரின் அங்கியிலிருந்த யானை பன்றிபோலத் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்து, மறு ஆண்டே உருவம் திருத்தப்பட்டது. அதனால் சேகரிப்போர் அதைத் தேடுகிறார்கள். அரிய ஆண்டுகளின் இலக்கத்தைச் செதுக்கி மாற்றுவதும் உண்டு என்பதால் உருப்பெருக்கியில் பார்த்தே வாங்க வேண்டும்.

காசுமாலைக்காகப் பற்றவைத்த தடமும் துளையும் சேகரிப்பு மதிப்பைக் குறைக்கும். விபூதியோ புளியோ போட்டுத் தேய்த்து மெருகேற்றுவதும் அப்படியே. மேற்பரப்பில் நுண்கீறல் விழும். நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருவதால், தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. ஆகவே விலை கேட்பதும் விற்பதும் உள்நாட்டுச் சந்தைக்குள்தான்.