விண்ணிலே ஒரு வீடு – 9: பேரருவி நிலாவில் விழுந்தால்?

அக்டோபர் பிறந்தால் தென்காசி வட்டாரத்துப் பள்ளிகளில் கறுப்பு கிரேயானுக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். 1957-இல் ஸ்புட்னிக் பறந்த தேதியில் தொடங்கி, 1967-இல் விண்வெளி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த தேதியில் முடியும். இதையொட்டி இஸ்ரோ மையங்கள் மாணவர்களுக்குப் போட்டிகள் நடத்துகின்றன. நம் பக்கத்து மகேந்திரகிரி வளாகமும் அதில் உண்டு.

ஓவியப் போட்டிக்கு வரும் சார்ட்டுகளைப் பாருங்கள். தீபாவளி ராக்கெட் போல வாலில் நெருப்பு, மூலையில் வளையம் போட்ட சனி, நடுவில் கொடி நடும் வீரர். கொடி படபடவென்று பறக்கும். நிலாவில் காற்று ஏது என்று எந்த நடுவரும் கேட்பதில்லை. கோட்டைத் தாண்டாமல் கலர் அடித்திருந்தால் பரிசு!

பிள்ளைகள்மேல் குற்றமில்லை. ஆடல்வல்லானையே சித்திரமாக வைத்து வழிபடும் சித்திர சபை இருக்கும் ஊர் குற்றாலம். இங்கே வரையச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோளாறு தலைப்பில்தான். ‘விண்வெளியில் இந்தியா’ என்று கொடுத்தால் ராக்கெட்தான் வரும். ஆனால் நாசாவின் 2019 காலண்டரில் இடம்பிடித்த தமிழ்நாட்டு மாணவனின் ஓவியம் விண்வெளி உணவைப் பற்றியது. 2025-இல் விண்வெளி வாரத்தின் கருப்பொருளே ‘விண்வெளியில் வாழ்தல்’ என்பதுதான்.

ஆகவே என் யோசனை: குற்றாலத்துப் பேரருவியை நிலாவில் வரையச் சொல்லுங்கள்.

நிலாவின் ஈர்ப்பு இங்குள்ளதில் ஆறில் ஒரு பங்கு. அதே உயரத்திலிருந்து விழும் தண்ணீர் கீழே வந்துசேரச் சுமார் இரண்டரை மடங்கு நேரம் பிடிக்கும். வேகமும் பாதிக்குக் கீழே. எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் நிற்பவருக்கு முதுகில் அந்த அடி விழாது. சாரல் மட்டும் வெகுதூரம் போகும். திறந்தவெளியில் அதுவும் நடக்காது. காற்றழுத்தம் இல்லாததால் தண்ணீர் கொதித்து ஆவியாகும், மிச்சம் உறையும். அப்படியானால் அருவிக்கு மேல் ஒரு கூடாரம் போட்டுக் காற்றை அடைக்க வேண்டும். தண்ணீருக்கு எங்கே போவது? துருவப் பகுதியில் வெயிலே படாத பள்ளங்களில் பனிக்கட்டி இருக்கிறது. அதையும் வீணாக்க முடியாது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வியர்வை, சிறுநீர் உட்பட 98 சதவீதத் தண்ணீரை மீட்க முடிந்ததாக 2023-இல் நாசா அறிவித்தது. சீசனில் ஐந்தருவியில் ஆட்டம் போட்டுவிட்டு வரும் பிள்ளை இந்தக் கணக்கைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

இப்படி அனுபவித்ததை வரைவது வேறு. 1965-இல் ரஷ்ய வீரர் அலெக்சி லியோனோவ், கலர் பென்சில்கள் மிதந்து போகாதபடி நூலால் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, விண்கலத்துக்குள்ளேயே சூரிய உதயத்தை வரைந்தார். அது கண்ணால் கண்டது. நம் பிள்ளைகள் வரைவது போனில் பார்த்தது.

மனிதரைச் சுமக்கப்போகும் ககன்யானின் கிரையோஜெனிக் இன்ஜினுக்கான தகுதிச் சோதனைகள் 2024 பிப்ரவரியில் இதே மகேந்திரகிரியில்தான் முடிந்தன. விண்வெளி இத்தனை பக்கத்தில் இருக்கும்போது போன் படத்தை நகலெடுப்பானேன்? தலைமையாசிரியர்களே, அடுத்த அக்டோபரில் தலைப்பைக் கேள்வியாகக் கொடுங்கள். ஓவியத்துக்குக் கீழே இரண்டு வரி விளக்கம் எழுதச் சொல்லி, அதற்கும் மதிப்பெண் போடுங்கள். ஓவிய ஆசிரியருக்குப் பக்கத்தில் அறிவியல் ஆசிரியருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

(தொடரும்)